முள் சைபரில் நின்ற பிறகு

அந்த ஸ்டூலில் உட்காருங்கள் சார், ஆடாது. ஒரு கால் கொஞ்சம் குட்டை. அதற்கடியில் உடைந்த பீங்கான் பில்லை ஒன்றைக் கொடுத்து நிமிர்த்தியிருக்கிறேன். ஏட்டையா, நீங்கள் அந்தப் பெஞ்சில் வசதியாக வைத்து எழுதிக்கொள்ளலாம். டீ சொல்லியிருக்கிறேன். அது வருவதற்குள் பேசி முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது சார். உங்களுக்கு முன் வந்தவர்கள் யார் எங்கே நின்றார்கள், சுவிட்சை அணைத்தது யார், அந்தப் பெண் செருப்புப் போட்டிருந்தாளா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். நீங்கள் ஒருவர்தான் பெட்டியின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த எடத்துல இவ்ளோ பெரிய கெப்பாசிட்டர் எதுக்குங்க?" என்று கேட்டீர்கள். எந்தப் பாகத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று இந்த ஊரில் என்னிடம் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் நீங்கள். இன்னொருத்தி எப்படிச் செத்தாள் என்று விசாரிக்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

ஆகவே மறைக்காமல் சொல்கிறேன். மறைக்கிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

என் பெயர் செந்தமிழன். கம்மாபுரம். எங்கள் நிலம் சுரங்கத்துக்குப் போனது. அளந்தது சரியா என்று அப்பா மிச்சமிருக்கிற கொல்லையை இன்றும் காலால் அளந்துகொண்டிருக்கிறார். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. ஒருவர் சொன்னதும் நம்பிவிடுகிற ஆள் நான் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். பஸ்ஸில் வந்து போகும்போது மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். அவற்றில் தப்பு செய்தவனுக்குத் தூக்கம் வராது, சோறு இறங்காது, யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தவிப்பான். எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. அதை வைத்தே நீங்கள் ஒரு முடிவுக்கு வரலாம்.

ஏட்டையாவுக்காக அடிப்படையிலிருந்து சொல்கிறேன். வீட்டில் கேஸ் லைட்டர் இருக்கும். தட்டினால் பொறி வருகிறது அல்லவா, அதற்குள் இருப்பது ஒரு துண்டுப் பீங்கான். விருத்தாசலத்தில் கப் சாஸர், அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை செய்கிறவர்கள் நிறையப் பேர். அடித்தால் மின்சாரம் கொடுக்கிற பீங்கானைச் செய்பவர் எங்கள் முதலாளி அன்புக்கரசி அக்கா. அவரிடம் நாங்கள் மூன்று பேர் வேலை பார்த்தோம். மின்சாரப் பக்கம் நான். பீங்கான் பக்கம் மதிவதனி. இங்கேயே செராமிக் டிப்ளமா முடித்து, மேலே இன்ஜினியரிங்கும் படித்துவிட்டு வந்தவள். சூளையும் எண்ணெய்த் தொட்டியும் பச்சமுத்தண்ணன் பொறுப்பு. அவர் நல்லூர்க்காரர், எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவர்.

சூளையிலிருந்து எடுக்கும்போது அந்தப் பில்லை வெறும் ஓடு. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். இரண்டு பக்கமும் வெள்ளிப் பசை தடவி மறுபடி சுட்டு, தட்டில் அடுக்கி, கை பொறுக்கிற சூட்டில் இருக்கும் எண்ணெய்க்குள் இறக்க வேண்டும். பிறகு சில ஆயிரம் வோல்ட்டை மெதுவாக ஏற்றி, குறித்த நேரம் பிடித்து வைத்து, அணைக்க வேண்டும். அப்புறம்தான் அது அடித்தால் பொறி கொடுக்கும். இதை நாங்கள் உயிரேற்றுவது என்று சொல்வோம்.

அந்த வோல்ட்டைக் கொடுப்பது என் பெட்டி. கோயில் மைக்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் மெல்லிய குரலில், பத்து வோல்ட்டுக்குள், இப்படி ஏறு, இப்படி நில் என்று சொல்லும். பெட்டி அதையே ஆயிரக்கணக்கான வோல்ட்டில் திரும்பச் சொல்லும். ஒரு எழுத்து கூடாது, குறையக் கூடாது. இப்படிப்பட்ட ஆம்ப்ளிஃபயரை வெளியூரில் விலைக்கு வாங்கலாம். நான் என் கையால் செய்தேன். ஒவ்வொரு பாகத்தையும் வாரக்கணக்கில் யோசித்துத் தேர்ந்தெடுத்தேன். "இன்ஜினியரு பொண்ணு பாக்கறாரு, சீக்கிரம் அமையாது" என்று பச்சமுத்தண்ணன் கேலி செய்வார். உண்மையில் அப்படித்தான். வேகமானது சூடாகும், சூடாகாதது மந்தமாக இருக்கும், இரண்டும் இல்லாதது கிடைக்காது. பெட்டிக்கு மூளையாக இருக்கிற ஆப்-ஆம்ப் என்ற சில்லை நான் வேகம் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையையும் எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டையா, பின்னால் தேவைப்படும்.

சென்ற மழைக்காலம் முடிந்தபோது வெள்ளிப் பசை குறைகிறது என்று அக்கா கண்டுபிடித்தார். வாங்கிய பசைக்கும் வெளியே போன பில்லைக்கும் ஒத்துவரவில்லை. பசை என்றால் பற்பசை போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும், நகப்பூச்சு வாசனை அடிக்கும், கிண்ணத்தில் இருப்பது வெள்ளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வெள்ளிதான். அக்கா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது வாசல் பக்கம் வந்து நின்று, "போயிட்டு வாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்கு முன் அவர் வாசலுக்கு வந்ததே இல்லை.

அதற்குப் பிறகு பட்டறையில் ஒருவர் பையை ஒருவர் பார்த்தோம். பச்சமுத்தண்ணன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் வந்தார். குழந்தை காலில் புதுக் கொலுசு. பட்டறைப் பசையில் கொலுசு செய்ய முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் அந்தக் கொலுசையே பார்த்தோம். அவரும் நாங்கள் பார்ப்பதைப் பார்த்தார். குழந்தையை அப்புறம் அவர் கூட்டி வரவில்லை.

கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டலாம் என்று அக்காவிடம் சொன்னது நான்தான். நீங்கள் வெளியூர், அதனால் சொல்கிறேன். பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிற முருகன் கோயில் அது. களவு போனது, கடனைக் கேட்டால் அடிக்க வருகிறான், புருஷன் வீட்டுக்கு வருவதில்லை, எதுவானாலும் காகிதத்தில் எழுதி, சாமி பாதத்தில் வைத்து வாங்கி, சூலத்தில் கட்டிவிட்டு வருவார்கள். சாமி வந்து விசாரிக்க வேண்டிய தூரத்துக்குத் தகுந்தபடி வழிச்செலவும் கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குள் முடிவு தெரியும் என்பது நம்பிக்கை. முடிவு தெரிந்ததும் போய் வாபஸ் வாங்க வேண்டும். வாங்காமல் விட்டால் விசாரணை நம் பக்கமே திரும்பும் என்பார்கள். அக்கா யார் பெயரையும் எழுதவில்லை. என் பொருளை எடுத்தவர் என்று மட்டும் எழுதினார். நான் கூடவே நின்று பார்த்தேன்.

கட்டிவிட்டு வந்த மறுநாளிலிருந்து பட்டறையில் யாருக்கும் தும்மல்கூட வரக்கூடாது என்றாகிவிட்டது. பச்சமுத்தண்ணனுக்குச் சூளைக் கதவில் கட்டை விரல் இடித்துவிட்டது. நொண்டிக்கொண்டே வந்து, "இத பாருப்பா, கால்ல இடிச்சதுக்கும் சாமிக்கும் சம்மந்தமில்ல, இப்பவே சொல்லிட்டேன்" என்றார். மதிவதனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அவளைக் கவனித்தேன். பிராது கட்டிய இடத்தில் சிரிக்க முடிகிறவர்கள் இரண்டு வகை. நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு வகை. பயம் இல்லாதது போலக் காட்டிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை.

அதிலிருந்து அவளைத் தொடர்ந்து கவனித்தேன். தட்டு இறங்கி ஏறிய ஒவ்வொரு முறையும் அவள் தொட்டிக்குள் கையை விட்டு அடியில் எதையோ துழாவினாள். எண்ணெய் கறுத்துக் கிடந்ததால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. எடுத்ததைத் துணியில் துடைத்து ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டாள். பாட்டிலைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். என் கம்ப்யூட்டர் திரையில் ஓடும் கோட்டை செல்போனில் படம் எடுத்தாள். நான் திரும்பிப் பார்த்தால் போனைக் காதில் வைத்துக்கொள்வாள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும் சார்? எனக்கும் அதுதான் தோன்றியது. தோன்றியதில் தப்பில்லை.

அக்கா சென்னைக்குப் போயிருந்த அன்று மதி அந்தப் பாட்டிலை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தாள். பாதிக்கு மேல் பில்லை உடைசல். ஒவ்வொன்றிலும் வெள்ளி ஒட்டியிருந்தது.

"அண்ணா, பசை எங்கியும் போவல. எண்ணெக்கி அடியிலதான் குந்திருக்குது."

பச்சமுத்தண்ணன் எண்ணெய் மாற்றும்போதெல்லாம் அடிக்கசடோடு சேர்த்து இவையும் குப்பைக்குப் போயிருக்கின்றன, அதனால்தான் கணக்கு உதைக்கிறது என்றாள். பில்லை எதற்கு உடைகிறது என்று நான் கேட்டேன். சூட்டில் உடையலாம், மண் சரியில்லாமல் உடையலாம், அது உன் பக்கம் என்றேன்.

"நானும் மொதல்ல அப்பிடித்தான் நெனச்சேன். ஒண்ணு ரெண்டு வெச்சு ஏத்துனா உடையறதில்ல. தட்டு ரொம்ப வெச்சாதான் உடையுது. உங்க பெட்டிக்குக் கூட்டம்னா ஆவாது போலருக்குது."

பெட்டியின் வேகத்தைப் பற்றி அவள் கேட்டது அப்போதுதான். இந்த ஆப்-ஆம்ப்பை எதற்குத் தேர்ந்தெடுத்தீர்கள், இதைவிட நிதானமானது கிடைக்கவில்லையா என்று கேட்டாள். பில்லைகள் கூடக் கூட என் பெட்டி தடுமாறுகிறது, நிற்க வேண்டிய வோல்ட்டைத் தாண்டி ஒரு துள்ளு துள்ளிவிட்டுத்தான் வந்து நிற்கிறது, அந்தத் துள்ளலில் பில்லை வெடிக்கிறது என்பது அவள் கட்சி. போனில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிக் காட்டினாள். கோடு உச்சியில் ஒரு சின்னக் கொம்பு வைத்திருந்தது. அவள் சொன்னது தவறு என்று நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை. நீங்கள் படித்தவர்.

பிறகு அவள் சொன்னதுதான் முக்கியம். "அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்கண்ணா. நான் சொன்னா நல்லாருக்காது. அவங்க ஊர்லேர்ந்து வந்ததும் சொல்லி, பிராத வாபஸ் வாங்க வெச்சிடுங்க. பாவம், பச்சமுத்தண்ணன் சரியாவே சாப்புடறதில்ல."

இதைக் கேட்டால் அன்பாகச் சொன்னது போல இருக்கும். நான் பஸ்ஸில் போகும்போது மறுபடி மறுபடி யோசித்தேன். நீயே சொல்லிவிடு என்றால், நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று அர்த்தம். சொன்னால் என்ன ஆகும்? இத்தனை நாள் பட்டறையில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டதற்குக் காரணம் என் பெட்டி என்று ஆகும். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியூர் ஆம்ப்ளிஃபயரை வாங்குவார்கள். அதை வாங்கிவிட்டால் என்னை வைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. கம்மாபுரத்தில் பிழைக்கிற அளவுக்கு நிலமும் இல்லை. அவள் இதையெல்லாம் யோசிக்காமலா இருந்திருப்பாள்? படித்த பெண். அவள் எனக்காக நல்லது நினைத்தாள் என்பதற்கு ஒரு சாட்சியும் இல்லை சார். பாட்டில் மட்டும்தான் சாட்சி. அது அவள் அலமாரியில் இருந்தது.

ஆகவே நான் பெட்டியைத் திருத்தினேன். இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அந்தத் துள்ளலை அடக்க வேண்டும். வெளியே போகிற கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு பெரிய கெப்பாசிட்டரைப் போட்டேன். ஏட்டையா, கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி மாதிரி. குழாயில் தண்ணீர் எகிறி வந்தாலும் தொட்டியின் மட்டம் துள்ளாது. துள்ளல் நின்றுவிட்டது. இது ஒரு நியாயமான தேர்வு.

தொட்டி என்றால் வடிகால் வேண்டும். கரண்ட்டை அணைத்த பிறகு உள்ளே தேங்கியது தானாக வடிந்து போவதற்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் போடுவோம், அதற்குப் ப்ளீடர் என்று பெயர். பெரிய ஓட்டையாக வைத்தால் சீக்கிரம் வடியும், ஆனால் பெட்டி ஓடுகிற நேரமெல்லாம் வீணாக ஒழுகிச் சூடாகும். நான் சின்ன ஓட்டையாக வைத்தேன். மெதுவாக வடியும். இதுவும் நியாயமான தேர்வு.

மீட்டரைப் பற்றியும் கேட்டீர்கள். முன்பு அது வெளியே போகிற கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இணைப்பு வழியாக இரைச்சல் உள்ளே வருகிறது என்று பட்டது. ஆகவே மீட்டரைக் கம்ப்யூட்டர் பக்கத்துச் சின்ன வோல்ட்டுக்கு மாற்றினேன். ஓடும்போது இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும், வித்தியாசம் இல்லை. அணைத்த பிறகுதான் வித்தியாசம். கெப்பாசிட்டர் நிறைந்திருக்கும்போதே முள் சைபருக்கு வந்து நின்றுவிடும்.

தொட்டி மூடியைத் திறந்ததும் எல்லாவற்றையும் எர்த்தோடு இணைத்துவிடுகிற ரிலே ஒன்றும் இருந்தது. பட்டறைத் தூசி அதன் முனைகளில் படிந்து அடிக்கடி ஒட்டிக்கொண்டது. சுத்தம் செய்து மாட்டலாம் என்று கழற்றினேன். இன்னும் மாட்டவில்லை.

நான் ஓர் ஆளையும் தேர்ந்தெடுக்கவில்லை சார், பாகங்களைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பாருங்கள், எந்த இன்ஜினியரும் ஒப்புக்கொள்வார். அதோடு, தொட்டிக்குள் கை விடுமுன் எர்த் கம்பால் ஒருமுறை தொட்டுவிட வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே எங்கள் பட்டறை வழக்கம். நீளமான கம்பு, நுனியில் செம்புக் கொக்கி, அதிலிருந்து ஒயர் எர்த்துக்குப் போகும். தேங்கியது எவ்வளவு இருந்தாலும் ஒரு பொறியோடு தரைக்குப் போய்விடும். பச்சமுத்தண்ணன் அதை வண்டி எடுக்குமுன் ஹேண்டில்பாரைத் தொட்டுக் கும்பிடுவது போலச் செய்வார், பாதி நாள் மறந்தும் போவார். முறையாக நடக்கிறவரை என் பெட்டி ஒன்றும் செய்யாது. அவசரப்படுகிறவரை, ஒளித்து எடுக்க வருகிறவரைத்தான் செய்யும். சாமி பார்க்கிற விசாரணையும் அப்படித்தானே.

அன்று மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. மாற்றிய பெட்டியில் முதல் தட்டு இறங்கி, வோல்ட் ஏறி, நேரம் முடிந்தது. திரையில் கோடு கொம்பில்லாமல் போனதை மதியும் நின்று பார்த்தாள். அவளுக்கு உண்மையாகவே சந்தோஷம். "அட, என்னாண்ணா மாத்துனீங்க? இவ்ளோ அழகா நிக்குது" என்றாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அடியில் ஒன்றாவது உடைந்து கிடக்கிறதா பார்த்துவிட்டால் அக்காவிடம் தைரியமாகச் சொல்லலாம் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் சுவிட்சை அணைத்தேன். அவள் தொட்டி மூடியைத் திறந்தாள். முள் சைபரில் நின்றது. எர்த் கம்பால் அவள் தொடவில்லை. அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

சத்தம் பெரிதாக ஒன்றும் வரவில்லை. லைட்டரைத் தட்டியது போலத்தான் இருந்தது.

வந்து பார்த்தவர்கள் பாகம் எதுவும் பழுதில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அது உண்மை. நான் தேர்ந்தெடுத்த பாகம் எதுவும் பழுதானதில்லை. காரியம் முடிந்து பட்டறை திறந்தபோது முதல் வேலையாக அந்தப் ப்ளீடரைச் சீக்கிரம் வடிகிற ஒன்றாக மாற்றினேன். அதில் மட்டும் ஈயம் புதிதாக மின்னுகிறதே என்று கேட்டீர்கள், அதனால்தான். பச்சமுத்தண்ணன் மறதிக்காரர், பேரப்பிள்ளை எடுத்தவர். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது. நான் இரக்கமில்லாதவன் இல்லை.

பாட்டிலை நான் அக்காவிடம் கொடுத்தேன். எங்கே இருந்தது என்று கேட்டார். மதி பூட்டி வைத்துக்கொள்வாள் என்றேன். வேறு ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து வெள்ளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொடுத்துவிட்டு உள்ளே போனார். அதிலிருந்து ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். இந்த ஸ்டூல் ஆடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு பசை குறையவில்லை. கெப்பாசிட்டர் வந்தது, துள்ளல் நின்றது, பில்லை உடைவது நின்றது, ஆகவே பசை ஒத்துவந்தது. மதி சொன்னது முழுக்க உண்மை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் பட்டறைக்கு வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்தது. அந்தப் பெண் போனாள், களவும் போனது. கொளஞ்சியப்பர் கணக்கு முடித்துவிட்டார் என்று இந்தத் தொழிற்பேட்டை முழுக்கப் பேசிக்கொண்டார்கள். அக்கா அழுதுகொண்டே மணவாளநல்லூர் போய் பிராதை வாபஸ் வாங்கினார். திரும்பி வந்து பச்சமுத்தண்ணன் பேத்திக்கு ஒரு கவுன் கொடுத்தனுப்பினார். அவர் வாங்கிக்கொண்டார், ஆனால், "செத்தவங்கள சொல்லக்கூடாது. அந்தப் புள்ள எனக்கு முட்டை வாங்கியாந்து குடுத்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

நான் அப்போது சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

மதியின் அம்மா அமிர்தம் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்தார். மகளுடைய டிபன் பாக்ஸும் வெள்ளைக் கோட்டும் இங்கே இருந்தன. அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே இருந்துகொண்டார். எடுத்துக் கொடுத்தது நான்தான். அந்தம்மா கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில் உட்கார்ந்தார். ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"எம்மவ திருடலப்பா. திருடியிருந்தா எனக்கு ஒரு தோடாச்சும் வாங்கிக் குடுத்துருப்பா. இந்தக் காத பாரு."

காதில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. நான் பார்த்தேன்.

மணவாளநல்லூருக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டார். நானே கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன். சீட்டு எழுதத் தெரியாதே, யாராவது எழுதிக் கொடுப்பார்களா என்று கேட்டார். கோயிலிலேயே எழுதிக் கொடுப்பார்கள் என்றேன். "வூட்டுக்கு ஒருநாள் வா தம்பி. அவ உன்னப் பத்தி நல்லபடியாத்தான் சொல்லுவா" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார். எம்மவ பேர சுத்தம் பண்ணிக் குடு என்று அவர் கட்டிய பிராதுக்கு வந்த ஆள் நீங்கள்தான் என்று பச்சமுத்தண்ணன் நம்புகிறார். வாசலில் உங்களைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டாரே, அதனால்தான்.

இவ்வளவுதான் சார். கெப்பாசிட்டர் ஏன் அவ்வளவு பெரிது என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

நீங்கள் இன்னும் அந்த மூலையில் டார்ச் அடிக்கிறீர்கள். ஆமாம், ஆப்-ஆம்ப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒன்று இருக்கிறதே, அதுவும் கெப்பாசிட்டர்தான். அதை ஒரு படி பெரிதாக மாற்றியிருந்தாலே பெட்டி நிதானத்துக்கு வந்திருக்கும். துள்ளல் அடங்கியிருக்கும், வெளியே ஒன்றும் தேங்கியிருக்காது. உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். அந்த மிளகு என் மேசை இழுப்பறையில் கைநிறையக் கிடக்கிறது. அதை மாற்றினால் முதலில் போட்டது தப்பு என்று ஒப்புக்கொண்டது போல ஆகும். பெரியதைச் சேர்த்தால், சரியாக இருந்ததை இன்னும் நன்றாக்கியது போல இருக்கும். எனக்கு அவ்வளவுதான் வித்தியாசம்.

பச்சமுத்தண்ணன் அன்று எங்கே என்று கேட்டீர்கள். சூளைக்கு விறகு பார்த்துவர நான்தான் அனுப்பியிருந்தேன். முன்பே சொன்னேனே, அவர் மறதிக்காரர்.

மதிக்கு மறதி கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளலாம் ஏட்டையா. எங்களில் அவள் ஒருத்திதான் ஒரு தடவைகூடக் கம்பால் தொடாமல் கை விட்டதில்லை. இடுப்பு உயரத்தில், தொட்டி ஓரமாக மாட்டியிருப்போம். பார்க்காமலே கையை நீட்டி எடுப்பாள். சுவரில் பழைய கொக்கியின் ஓட்டைகள் தெரிகின்றன, பாருங்கள். கீழே தரையில் எண்ணெய் சிந்துகிறது, கம்பு பிசுக்குப் பிடிக்கிறது என்று கொக்கியை மேலே மாற்றி அடித்தேன். பெட்டியை மாற்றிய அதே நாளில்தான். எனக்கு எட்டும். பச்சமுத்தண்ணனுக்கும் எட்டும். மதி குள்ளம். எட்டாதவர்களுக்கு இந்த ஸ்டூல் இருந்தது.

அன்று இதில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் முதலில் பழைய இடத்துக்குக் கையை நீட்டினாள். பிறகு மேலே கம்பைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"பரவால்ல, குந்துங்கண்ணா. அதான் முள்ளு சைபர்ல நிக்குதே" என்றாள்.

நான் கேட்டேன் சார். கேட்காமல் இல்லை.